மாட்டுண்ணிக்கு மருந்து தெளிக்க உரிய காலம் எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் கறவை மாடுகளைத் தாக்கும் உண்ணிகளைப் பற்றி அண்மையில் வெளியான கட்டுரையை, மாடு வளர்ப்பவன் என்ற முறையில் ஒருமுறைக்கு இருமுறை படித்தேன். உண்ணியால் பால் குறைவதையும், தோல் கெடுவதையும், இரத்தசோகை கண்ட கன்றுகள் தேறாமல் போவதையும் அக்கட்டுரை சரியாகவே எடுத்துரைத்தது. ஆனால், மாட்டின் உடலில் உண்ணிகள் மொய்க்கக் கண்டவுடன் மருந்து தெளிக்க வேண்டும் என்ற அறிவுரையோடு அது முடிந்ததுதான் இக்கடிதத்தை எழுத வைத்தது. அதே அறிவுரையை நானும் பல ஆண்டுகள் பின்பற்றியவன். மருந்துச் செலவு ஏறியதே தவிர உண்ணி குறையவில்லை. மொய்க்கும் அளவுக்கு உண்ணி கண்ணில் படுகிறதென்றால், அந்தப் பருவத்துக்கு அதை அடக்குவதற்கு உரிய காலம் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே கடந்துவிட்டது என்று பொருள். இதைச் சற்று விரித்துச் சொல்ல இடம் தருமாறு வேண்டுகிறேன்.

முதலில் ஒரு சிறு திருத்தம். கட்டுரை நெடுகிலும் உண்ணி 'பூச்சி' என்றே குறிக்கப்பட்டிருந்தது. உண்ணி பூச்சியினத்தைச் சேர்ந்தது அன்று. எட்டுக் கால்களை உடைய அது சிலந்திக்கும் தேளுக்கும் உறவு. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு உண்ணிக்கு மட்டும் ஆறு கால்கள் இருக்கும். இதை வெறும் சொற்குற்றமாக நான் எடுத்துக்காட்டவில்லை. அந்த ஆறுகால் குஞ்சு, தூசி அளவே இருப்பதால் யாருடைய கண்ணிலும் படாமல் புல்லிலும் தரையிலும் காத்துக் கிடக்கிறது. உண்ணியின் பருவக் கணக்கு முழுவதும் அதன் மீதுதான் நிற்கிறது.

வெப்பமண்டல, மிதவெப்பமண்டல நாடுகளில் மாடுகளை அதிகம் தாக்குவது ரிப்பிசெஃபாலஸ் மைக்ரோபிளஸ் என்னும் மாட்டுண்ணி. இது ஒரே மாட்டின் மீது குஞ்சாக ஏறி, அதே மாட்டிலேயே இரண்டு முறை தோலுரித்து, முதிர்ந்து, இணை சேர்ந்து, இரத்தம் குடித்து நிறைந்த பிறகே கீழே விழும் இனம். ஏறியது முதல் விழுவது வரை ஏறத்தாழ 21 நாட்கள். அவற்றில் முதல் இரண்டு வாரங்கள் அது நம் பார்வைக்கு அநேகமாக வராது. தொடையின் உட்புறத்திலோ, மடியின் மடிப்பிலோ, கழுத்தடியில் தொங்கும் தாடியிலோ விரல் நுனியால் தடவிப் பார்த்தால் மட்டும் மணல் ஒட்டியது போல நெருடும். பெட்டை உண்ணி இரத்தத்தின் பெரும்பகுதியைக் கடைசி ஒரு நாளில்தான் குடிக்கிறது. நேற்று மாலை வரை மிளகை விடச் சிறிதாக இருந்தது, இரவு கழிந்து விடிகையில் ஆமணக்கு முத்து அளவுக்குச் சாம்பல் பூத்துப் பருத்திருப்பதைப் பால் கறக்க அமரும் எவரும் பார்த்திருப்பர். ஐரோப்பாவில் காணப்படும் ஓர் உண்ணிக்கு இக்சோடஸ் ரிசினஸ் என்று பெயர். 'ரிசினஸ்' என்னும் இலத்தீன் சொல் உண்ணியையும் குறிக்கும், ஆமணக்கையும் குறிக்கும். எந்த நாட்டில் மாடு வளர்த்தாலும் கண்ணுக்குத் தோன்றும் உவமை ஒன்றாகவே இருந்திருக்கிறது.

நிறைந்த பெட்டை பெரும்பாலும் காலை வேளையில் உதிர்கிறது. உதிர்ந்தது சாணத்தின் அடியிலோ, புல்லின் வேர்ப்பகுதியிலோ, ஈரம் காயாத நிழலிலோ ஒதுங்கிச் சில நாட்களில் முட்டையிடத் தொடங்கி, 2,000 முதல் 3,000 முட்டைகள் வரை இட்டு மடிகிறது. பழுப்பு நிறத்தில் மெழுகு பூசியது போன்ற அந்த முட்டைக் குவியலைத் தொழுவத்தின் மூலையில் ஒரு கல்லைப் புரட்டியபோது நான் முதன்முதலாகக் கண்டேன். அருகில் சுருங்கிய தோலாகத் தாய் உண்ணி கிடந்தது. ஒரே ஓர் உண்ணியின் ஈடு அது. மாட்டின் மேல் அன்று நான் தெளித்திருந்த மருந்து அதைத் தொடக்கூட இல்லை.

பருவம் என்பது இங்கேதான் உள்ளே நுழைகிறது. மாட்டின் உடலில் இருக்கும் உண்ணிக்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை. மாட்டின் உடற்சூடு ஆண்டு முழுவதும் ஒன்றுதான். தரையில் கிடக்கும் முட்டைக்கும் குஞ்சுக்கும் மட்டுமே கோடையும் குளிரும் உண்டு. வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்த மாதங்களில் முட்டை மூன்று நான்கு வாரங்களில் பொரிந்துவிடுகிறது. அதே முட்டை குளிர்ந்த காலத்தில் மாதக்கணக்கில் பொரியாமல் கிடக்கும். காற்றில் ஈரப்பதம் மிகவும் தாழ்ந்த வறட்சியில் உள்ளேயே காய்ந்து போகும். பொரிந்த குஞ்சுக்கும் ஈரமே உயிர்நாடி. பகல் வெயிலில் புல்நுனியில் இழந்த நீரை, வேர்ப்பகுதிக்கு இறங்கி, ஈரக்காற்றிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு. மறுபடி ஏறி, முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு, மாட்டின் மூச்சுக்காற்றையும் உடற்சூட்டையும் உணர்ந்து தொற்றிக்கொள்ள அது காத்திருக்கிறது. சூடான பருவத்தில் இப்படிக் காத்திருக்கும் குஞ்சு இரண்டு மூன்று மாதங்களில் தன் சேமிப்பு தீர்ந்து செத்துப்போகிறது. குளிர்ந்த பருவத்தில் உடலின் செலவு குறைவதால் ஆறு மாதங்களுக்கு மேலும் தாங்கும். ஆகவே குளிர் என்பது உண்ணியைக் கொல்லும் பருவம் என்று எண்ணுவது முழு உண்மை அன்று. அது பிறப்பைத் தடுக்கிறது. பிறந்தவற்றின் பட்டினியை நீட்டித்தும் தருகிறது.

இப்போது கணக்கைக் கூட்டிப் பார்த்தால் விளங்கும். மாட்டின் மேல் மூன்று வாரம், முட்டையிட ஒன்றிரண்டு வாரம், பொரிய மூன்று நான்கு வாரம் என்று, நல்ல பருவத்தில் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒரு தலைமுறை. குளிரோ வறட்சியோ முடிந்து, ஈரமும் வெப்பமும் சேரத் தொடங்கும்போது தப்பிப் பிழைத்த சில உண்ணிகளே முதல் தலைமுறையைத் தருகின்றன. மாட்டுக்கு நாலைந்து உண்ணி என்ற அளவில் இருப்பதால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. இரண்டாம் தலைமுறை சற்றுக் கூடுகிறது. மூன்றாவது, நான்காவது தலைமுறைகள்தான் பருவத்தின் பின்பகுதியில் மாட்டின் கழுத்தையும் மடியையும் வாலடியையும் மூடிக்கொண்டு, காண்பவர் பதறும்படி வெளிப்படுகின்றன. அந்த நேரத்தில் தெளிக்கும் மருந்து அன்று மாட்டின் மேல் இருப்பவற்றைக் கொல்லும், ஐயமில்லை. ஆனால் மொத்த உண்ணிகளில் மிகப் பெரும்பகுதி அப்போது மாட்டில் இல்லை, தரையில் இருக்கிறது. மருந்தின் வீரியம் தீர்ந்த மறுவாரமே மாடு பழைய நிலைக்கு வந்து நிற்கும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலை இது.

இதை உணர்ந்து செயல்பட்ட நாடுகளின் அனுபவம் நம் முன் இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு இந்த உண்ணியின் மிக நெருங்கிய உறவினம் 1872ஆம் ஆண்டில், டார்வின் துறைமுகத்தில் இறக்கப்பட்ட மாடுகளோடு வந்து சேர்ந்ததாகப் பதிவு உண்டு. அங்கே குளிர் விலகும் இளவேனிலில் எழும் முதல் தலைமுறையைக் குறிவைத்து, 21 நாட்களுக்கு ஒருமுறை தொடர்ச்சியாக மருந்திடும் முறை வகுக்கப்பட்டது. மாட்டில் ஏறிய உண்ணி நிறைந்து விழுவதற்குள் அடுத்த மருந்து என்பதே அந்த 21 நாள் இடைவெளியின் காரணம். தொடக்கத்தில் இப்படிச் சில முறை செய்தால், பருவத்தின் இறுதியில் வரவேண்டிய பெருந்தொகை உருவாகவே வழியில்லாமல் போகிறது. அமெரிக்கா 1906இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்தை 1943 வரை நடத்தி, மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஒரு கண்காணிப்புப் பட்டையைத் தவிர, நாடு முழுவதும் இந்த உண்ணியையும் இதன் நெருங்கிய உறவினத்தையும் அகற்றியது. மாடுகளை மருந்துத் தொட்டியில் முக்கியெடுப்பது ஒரு பக்கம், மேய்ச்சல் நிலத்தைக் குஞ்சு உண்ணிகள் பட்டினியால் சாகும் வரை வெறுமையாக விடுவது மறுபக்கம் என்று காலக்கணக்கின் மீதே அத்திட்டம் நின்றது.

எல்லா உண்ணிக்கும் ஒரே நாட்காட்டி பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் மாட்டின் காதுகளில் அடையும் பழுப்புநிறக் காதுண்ணி ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். முதிர்ந்தவை மழைக்காலத்திலும், குஞ்சுகள் மழை ஓய்ந்த பிறகும், குஞ்சுக்கும் முதிர்ந்ததற்கும் இடைப்பட்ட இடைநிலை உண்ணிகள் வறண்ட குளிரிலும் வரிசையாக வருகின்றன. அதே இனம் நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் பருவ வரிசை இல்லாமல் ஆண்டு முழுவதும் எல்லா நிலையிலும் காணப்படுகிறது. ஐரோப்பாவின் இக்சோடஸ் ரிசினஸ் இளவேனிலில் ஒரு முறை பெரிதாகவும் இலையுதிர்காலத்தில் மறுமுறை சிறிதாகவும் தலைகாட்டுகிறது. ஒரு தலைமுறைக்கே சில ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. ஆகவே எந்த மாதம் என்று கேட்பதற்கு முன், எந்த உண்ணி என்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியைக் கேட்காததால் நான் பட்ட ஒரு துன்பத்தை இங்கே சொல்கிறேன். ஓர் ஆண்டு, மழைக்காலம் முழுவதும் மாடுகளைக் கவனமாகப் பார்த்து வந்தும், கடுங்கோடையில், புல்வெளி காய்ந்து மேய்ச்சலுக்கே மாடு போகாத நாட்களில், கொட்டிலிலேயே கட்டிக் கிடந்த கலப்பினக் கிடேரி ஒன்றுக்குக் காய்ச்சல் கண்டது. தோள்பட்டைக்கு முன்னால் நிணநீர்க் கட்டி கைக்கு அகப்படும் அளவுக்கு வீங்கியிருந்தது. தீவனம் தொடவில்லை, கண்ணின் உட்பக்கம் வெளிறியிருந்தது. வெயிலின் கொடுமை என்று எண்ணி நான் இரண்டு நாட்களை வீணாக்கினேன். மருத்துவர் வந்து இரத்தம் எடுத்துப் பார்த்து, உண்ணி பரப்பும் தைலேரியா என்னும் இரத்த ஒட்டுண்ணி நோய் என்று சொல்லிவிட்டு, மாட்டைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டு சுவரைப் பார்க்கத் தொடங்கினார். காரை பெயர்ந்த ஒரு வெடிப்பில் அவர் ஒரு மெல்லிய கத்தியின் நுனியை விட்டு இழுத்தபோது, உலர்ந்த தோல்களோடு கலந்து உயிருள்ள உண்ணிகளும் உதிர்ந்தன. மாட்டுண்ணியைப் போல மந்தமாக நகராமல், வரிவரியான நீண்ட கால்களோடு அவை தரையில் வேகமாக ஓடின.

அவை ஹயலோமா அனடோலிகம் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றின் நாட்காட்டி வேறு. முதிர்ந்தவை வெயில் ஏறும் மாதங்களில் மாட்டைத் தாக்குகின்றன. அவற்றின் குஞ்சுகள் கோடையின் பின்பகுதியில் ஏறி, இரத்தம் குடித்து, விழுந்து, சுவர் வெடிப்புகளிலும் தீவனத் தொட்டியின் அடியிலும் ஒளிந்து, குளிர்காலத்தை உண்ணாமலேயே கழித்து, அடுத்த வெப்பத்தில் முதிர்ந்த உண்ணியாக வெளியே வருகின்றன. தைலேரியா நோயுள்ள மாட்டிடமிருந்து இளமையில் பெற்ற கிருமியை, தோலுரித்த பின் அடுத்த மாட்டுக்கு அவை கொடுக்கின்றன. ஆக, என் கிடேரிக்கு நோய் தந்த உண்ணிகள் முந்தைய ஆண்டே என் கொட்டிலுக்குள் குடியேறியவை. அவற்றுக்கான மருந்து அந்தக் குளிர்காலத்தில் சுவருக்கு ஒரு கரண்டி காரையாக இருந்திருக்க வேண்டும். கிடேரி பிழைத்தது, ஆனால் நெடுநாள் தேறவில்லை.

மாட்டுண்ணி பரப்பும் பபேசியா என்னும் மற்றோர் இரத்த ஒட்டுண்ணி நோயின் வழி இதிலிருந்து மாறுபட்டது. அங்கே கிருமி தாய் உண்ணியிலிருந்து முட்டைக்குள்ளேயே புகுந்து, பிறக்கும் குஞ்சுகளோடு அடுத்த மாட்டை அடைகிறது. உண்ணியே இந்த நோயைச் சுமக்கிறது என்று ஸ்மித், கில்போர்ன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1893இல் நிறுவியதுதான், கணுக்காலி ஒன்று பாலூட்டிக்கு இத்தகைய நோயைக் கடத்துகிறது என்று மெய்ப்பித்த முதல் ஆய்வு என்பர். கடுங்காய்ச்சலும் காப்பித் தூள் கரைத்தது போன்ற சிறுநீரும் அதன் அடையாளங்கள். உண்ணி பெருகிய இரண்டு மூன்று வாரங்களில் இந்நோய் தலைகாட்டும் என்பதால், உண்ணியின் பருவம் தெரிந்தவருக்கு நோயின் பருவமும் முன்கூட்டியே தெரிந்துவிடும். இதில் ஒரு நுட்பமும் உண்டு. இளங்கன்றுகள் பபேசியாவை எளிதாகத் தாங்கிக்கொண்டு, பிற்காலத்துக்கும் எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடுகின்றன. கன்றுப் பருவத்தில் உண்ணியையே காணாமல் வளர்ந்த மாடுதான் பிறகு முதன்முறை கடிபடும்போது மடிகிறது. உண்ணியை முற்றாக ஒழிக்க இயலாத இடத்தில், 'ஓர் உண்ணிகூட இருக்கக் கூடாது' என்ற பிடிவாதம் சில வேளைகளில் தீங்காகவே முடியும்.

மருந்தைப் பற்றி. அடிக்கடி தெளித்தால் உண்ணி மருந்துக்குப் பழகிவிடும் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் எச்சரித்திருந்தார். அது உண்மையே. ஆர்செனிக்கில் தொடங்கி, டிடிடி, ஆர்கனோபாஸ்பேட், டெல்டாமெத்ரின் போன்ற பைரெத்ராய்டுகள், அமிட்ராஸ், ஐவர்மெக்டின் என்று வந்த ஒவ்வொரு வகைக்கும் மாட்டுண்ணி எங்கேனும் ஓரிடத்தில் எதிர்ப்புக் காட்டியிருக்கிறது. நான் பரிந்துரைக்கும் பருவத் தொடக்க முறைக்கும் இந்த இடர் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. தரையில் உண்ணி மிகக் குறைவாக இருக்கும் காலத்தில் மருந்திட்டால், பிழைப்பவை எல்லாம் மருந்தைத் தாங்குபவையாகவே இருக்கக்கூடும். அதனால்தான் தொடக்கத்தில் எண்ணிச் சில முறை மட்டும், மருந்தோடு வரும் குறிப்புத்தாளில் கண்ட அளவில் நீர் கலந்து, வயிற்றடியும் காதின் உட்புறமும் வாலடியும் நனையும்படி முழுமையாகச் செய்துவிட்டு நிறுத்த வேண்டும் என்கிறேன். அடுத்த ஆண்டு வகையை மாற்றுவதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம். மருந்தில் தண்ணீரைக் கூட்டி மிச்சம் பிடிப்பது உண்ணிக்குப் பயிற்சி அளிப்பதாகும். அந்தப் பயிற்சியை நானே சில ஆண்டுகள் அளித்திருக்கிறேன். கறவை மாட்டுக்கு எந்த மருந்தை இடலாம், இட்டபின் எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்பதும் மருத்துவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியவை. ஐவர்மெக்டினை உண்ணி ஊசி என்று எண்ணித் தாமே போட்டுக்கொள்வோர் பலர்; பால் கறக்கும் மாட்டுக்கு அது பொதுவாக ஏற்றதன்று.

மருந்தில்லாத வழிகளுக்கும் பருவம் பார்த்தே பயன் உண்டு. மேய்ச்சல் நிலத்தைப் பகுதி பிரித்து ஒன்றைக் காலியாக விடுவதானால், வெப்பமான மாதங்களில் இரண்டு மூன்று மாதம் விட்டால் போதும்; குளிர் மாதங்களில் அதே காலம் விடுவது வீண். கொட்டிலின் வெடிப்புகளைப் பூசுவது, மூலைகளைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிப்பது ஆகியவற்றை ஹயலோமா உறங்கும் குளிர்காலத்தில் செய்ய வேண்டும். கோழிகள் மாட்டைச் சுற்றி உதிர்ந்த உண்ணிகளைக் கொத்தித் தின்பதைப் பார்க்க மகிழ்ச்சியாகவே இருக்கும். அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. கையால் பிடுங்குவோர் விரலால் நசுக்க வேண்டாம். ஹயலோமா இனங்கள் கிரிமியன் காங்கோ காய்ச்சலை மனிதருக்குப் பரப்பக்கூடியவை.

பருவத்தோடு மாட்டின் உடல்நிலையும் சேர்ந்து இயங்குகிறது. தீவனம் குறைந்த மாதங்களிலும் கன்று ஈன்றதை ஒட்டிய வாரங்களிலும் மாட்டின் எதிர்ப்பு தளர்கிறது. ஒரே பட்டியில் சில மாடுகளே உண்ணிகளின் பெரும்பகுதியைச் சுமப்பதும், திமில் உள்ள இனங்கள் திமிலற்ற சீமை இனங்களை விடக் குறைவாகச் சுமப்பதும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. அந்தச் சில மாடுகளை அடையாளம் கண்டு அவற்றை மட்டும் நெருங்கிக் கவனிப்பது செலவையும் குறைக்கும், மருந்துக்குப் பழகுவதையும் தாமதப்படுத்தும்.

இவற்றை எல்லாம் அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை, காலையில், அதே மாடுகளின் ஒரே பக்கத்தில், பயறளவுக்கு மேல் பருத்த உண்ணிகளை எண்ணி ஒரு குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வந்தால், இரண்டு ஆண்டுகளில் அவரவர் தொழுவத்தின் உண்ணி நாட்காட்டி அவரவர் கைக்கு வந்துவிடும். முதல் மழைக்கு எத்தனை நாள் கழித்து எண்ணிக்கை அசைகிறது என்பதே அதில் பார்க்க வேண்டிய வரி. என் குறிப்பேட்டில் அந்த அசைவு ஒவ்வோர் ஆண்டும் நான் எதிர்பார்த்ததற்கு முன்னதாகவே நிகழ்ந்திருக்கிறது.

தங்கள் நாளிதழிடம் என் வேண்டுகோள் ஒன்றே. வேளாண் பக்கத்தில் விதைப்புக்கும் நடவுக்கும் பருவம் பார்த்து முன்கூட்டியே குறிப்புகள் வெளியிடுகிறீர்கள். உண்ணி பற்றிய கட்டுரை மட்டும் உண்ணி உச்சத்தில் இருக்கும் நாட்களில், வாசகர்களின் கேள்விகள் குவிந்த பிறகு வெளியாகிறது. அண்மைக் கட்டுரை அச்சான காலையில் என் மாடுகளிலிருந்து நிறைந்த உண்ணிகள் உதிர்ந்துகொண்டிருந்தன. அதே கட்டுரையை, கடைசி அறிவுரையைத் திருத்தி, அடுத்த பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னதாக மீண்டும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாடு வளர்க்கும் ஒரு வாசகன்